கோணிய வாயும் என் குரலும்

டப்பிங்கில் எனக்குச் சோறு போட்டவர் ஒரு பழைய ஹாலிவுட் நடிகர். அவர் இறந்து பல வருஷமாகிறது. ஒரு டிவி சேனல் அவர் படங்களை வரிசையாகத் தமிழில் போட்டது. முதல் நாள் மைக் முன்னால் நின்றேன். திரையில் அவர் குதிரையிலிருந்து குதித்து வசனம் பேசினார். நான் அடிவயிற்றிலிருந்து பேசினேன். முதல் டேக்கே ஓகே. அப்புறம் ஊருக்குப் போகச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலே டீக்கடைக்காரர் "தொரைக்கு ஒரு டீ!" என்று சத்தம் போடுவார். எனக்குத் தலைகால் புரியாது.

குதிரை வீரன், வக்கீல், கப்பல் கேப்டன் என்று படத்துக்குப் படம் அவருக்கு வயதானது. கடைசிப் படம், பக்கவாதம் வந்து எழுந்தபின் நடித்தது. வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. ஹெட்போனில் ஒரிஜினல் குரல் குழறியது. மகனைக் கூப்பிட ஒரே ஒரு வார்த்தை, அதற்கே இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

டப்பிங் இன்சார்ஜ் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னா சார், ஒண்ணுமே புரியல. ஜனங்க சேனல மாத்திடுவாங்க. பழையபடி கெத்தா பேசுங்க" என்றார்.

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. குழறினால் என் குரல் போய்விட்டது என்பார்களே! ஒரிஜினலை மியூட் செய்யச் சொல்லி, உதட்டை மட்டும் பார்த்துக் கணீரென்று பேசினேன்.

ஞாயிறு மதியம் எங்கள் ஊர் சிங்கவரத்தில், வீட்டு டிவியில் அந்தப் படம் ஓடியது. பக்கத்தில் என் அப்பா, நைனா. முந்தின வருஷம் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும்போது விழுந்தவர், அவருக்கும் பக்கவாதம்தான். அவர் ஒரு பேச்சை முடிப்பதற்குள் "சரி நைனா, தெரிஞ்சுது" என்று வெட்டிவிடுவது என் வழக்கம்.

மகனைக் கூப்பிடும் காட்சி முடிந்ததும் நைனா என் பக்கம் திரும்பினார்.

"அவனுக்கும்... வாய்..."

"சரி நைனா, நீ மாத்திரைய போடு."

கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"வாய்... கோணிக்கினு இருக்குது. கொரலு... ஒன்னுது. அவன் பேசுனது... எங்கடா?"

வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: ஒரிஜினலை மியூட் செய்யாதீர்கள். அது எவ்வளவு குழறினாலும் கடைசிவரை கேளுங்கள். நைனா என்னிடம் முழுதாக ஒரு பேச்சை முடித்தது, ஒரு வருஷத்தில் அன்றுதான் முதல் தடவை.