முன்வரிசை நாற்காலி

கருத்துக் கேட்புக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில், இரண்டாம் பக்கத்தில், அவரைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: "ஊர் முக்கியஸ்தரும் சமூக ஆர்வலருமான திரு. சிவபாண்டி அவர்கள்."

சமூகத்தின் மேல் சிவபாண்டிக்கு அப்படியொன்றும் ஆர்வம் கிடையாது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ரோட்டோரம் பஞ்சர் கடை போட்டிருப்பவர். இருபத்தாறு வருஷத்தில் ஊர் அவரை முக்கியமாக நினைத்ததெல்லாம் டயரில் காற்று இறங்கிய நேரங்களில்தான். கல்யாண வீடுகளில் மூன்றாம் பந்திக்குக் கூப்பிடுவார்கள். அதிலும் கூப்பிட்டது தன்னையா, பக்கத்தில் நிற்பவரையா என்று அவருக்கு ஒரு சந்தேகம் இருக்கும்.

ஆனால் ஆள் பயந்தவரில்லை. விரலைச் சொடுக்கிக் கூப்பிட்ட ஒருவரின் கார்ச் சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, "செத்த நேரம் இரிங்க" என்று வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டவர். புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டம் போகிறது, கடையை உள்ளே தள்ளு என்ற போலீஸ்காரரிடம், "நீங்க ரோட்டக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளுங்க" என்றவர். யாராவது மிரட்டினால் அவருக்கு அன்றைக்கு நன்றாகப் பசிக்கும்.

சுடலையம்மாள் அவரைத் தேடி வந்ததும் அதனால்தான். கடைக்கு எதிரே ரோட்டை ஒட்டி நாலு ஏக்கர் புஞ்சை. அதற்குப் பின்னால் சுடலையம்மாளின் முக்கால் ஏக்கர் கொய்யா. தோட்டத்துக்குப் போக ஒரே வண்டிப் பாதை, அந்த நாலு ஏக்கரின் குறுக்கே. வரைபடத்தில் அது கிடையாது, தரையில் இருந்தது. புஞ்சையை வாங்கியவர்கள் அதை வணிக நிலமாக மாற்றித் தரும்படி விண்ணப்பித்திருந்தார்கள். மாற்றிவிட்டால் சுற்றுச்சுவர் எழும்பும், பாதை போய்விடும். ஆட்சேபணை உள்ளவர்கள் கூட்டத்தில் நேரில் வந்து சொல்லலாம் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.

அந்தப் பாதைக்குச் சிவபாண்டியை விடப் பெரிய சாட்சி இல்லை. அதில் போய்வரும் வண்டிகளின் டயரிலிருந்து கருவேல முள் பிடுங்கியே பாதிப் பிழைப்பு ஓடியது.

"நான் தனியா சொன்னா எடுபடாது தம்பி. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்," என்றார் சுடலையம்மாள்.

"விசனப்படாதீக மதினி. அவிய படத்துல பாதை இல்லாட்டி என்ன, அதுல குத்துன அம்புட்டு முள்ளும் எனக்குத் தெரியும். எவன் இல்லைங்கான்னு பாப்போம்."

மூன்று நாள் கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் பேசிப் பழகினார். எதிர்த்தரப்பு அதட்டுவது மாதிரி, அதற்கு இவர் திருப்பிக் கொடுப்பது மாதிரி. எதிர்த்தரப்பு அதட்டாவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.

கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில், காலை பதினொரு மணிக்கு. மனைவி செல்வலட்சுமி தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு சிவபாண்டி கடைசி வரிசையில், சுடலையம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதிகாரி இன்னும் வரவில்லை. நிலத்தை வாங்கியவர்கள் சார்பில் வந்திருந்த கௌதம்ராஜ் நேராக அவரிடம் வந்து குனிந்தார்.

"அண்ணாச்சி, நீங்க போய் இங்கன உக்காரலாமா?"

"இருக்கட்டும் தம்பி."

"ஊருக்குப் பெரியவங்க நீங்க. நீங்க பின்னால இருந்தா எங்களுக்குல்ல மரியாதை இல்ல. வாங்கண்ணாச்சி."

கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். முன்வரிசையில் டர்க்கி டவல் விரித்த நாற்காலி. காபி முதலில் அவருக்கு வந்தது. பச்சைப் பொன்னாடை ஒன்றைப் போர்த்தி போட்டோ எடுத்தார்கள், யாரோ கைகூடத் தட்டினார்கள். சிவபாண்டிக்கு வயது ஐம்பத்து நாலு. கல்யாணத்தன்று மாலை விழுந்ததற்குப் பிறகு அந்தத் தோளில் கௌரவமாக எதுவும் விழுந்தது அன்றைக்குத்தான்.

அதிகாரி வெங்கடேஸ்வரி வந்தார். சர்வே எண்ணை வாசித்தார். கேட்கவேண்டியதைக் கேட்கிற அதிகாரி அவர்.

"இந்த நிலத்து வழியா யாருக்காவது பாதை இருக்கா?"

சுடலையம்மாள் எழுந்தார். "இருக்குங்கம்மா. என் தோட்டத்துக்கு அது ஒண்ணுதான் வழி. முன்னால இருக்காகளே, அவுகளக் கேளுங்க. அவுகளுக்குத் தெரியும்."

மைக் சிவபாண்டியிடம் வந்தது. அவர் எழுந்தபோது பொன்னாடை ஒரு பக்கம் நழுவியது. கௌதம்ராஜ் ஓடிவந்து அதைத் தோளில் சரிசெய்தார். "பதறாம சொல்லுங்கண்ணாச்சி," என்றார்.

அந்த ஆள் ஒரு தடவை முறைத்திருந்தால் போதும், பாதை பிழைத்திருக்கும். சிவபாண்டி அரை நிமிஷம் பேசிவிட்டு உட்கார்ந்தார்.

திரும்பும் பஸ்ஸில் சுடலையம்மாள் எதிர் சீட்டில்தான் இருந்தார். திட்டவில்லை. இறங்கும்போது, "பச்சை உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கு தம்பி," என்றார். அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

சுவர் எட்டடி உயரம். கொய்யா இப்போது கண்மாய்க்கரையைச் சுற்றித் தலைச்சுமையாக வருகிறது. பஸ்ஸுக்கு நிற்கும் இடம் பஞ்சர் கடை வாசல்தான். கூடையை இறக்கிவிடச் சிவபாண்டி எழுந்தால், சுடலையம்மாள் டீக்கடை சேக் முகைதீனைக் கூப்பிடுவார்.

கேள்வி சரியாகக் காதில் விழவில்லை என்று செல்வலட்சுமியிடம் சொன்னார் சிவபாண்டி. மைக் கரகரத்தது, சொன்னது ஒன்று எழுதியது ஒன்று என்று சேக் முகைதீனிடம் சொன்னார்.

"அப்ப நீ என்னதாம்ப்பா சொன்ன?"

"அம்புட்டுப் பேருக்கு முன்னால, மரியாதை செஞ்சவனப் பக்கத்துல வச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தவர், டீயை ஆற்ற ஆரம்பித்துவிட்டார். ஒரு திங்கட்கிழமை, திருத்தம் கேட்டு மனு எழுதிக்கொண்டு ஆபீஸ் வாசல் வரைக்கும் போனார். வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

மைக் நன்றாகத்தான் இருந்தது. அதிகாரி நிதானமாக இரண்டு தடவை கேட்டார். அங்கே பாதை எதுவும் இல்லை என்று சிவபாண்டி இரண்டு தடவையும் சொன்னார்.