நடுவில் உட்கார்ந்தவள்

பூங்கோதைக்கு என்ன வேலை என்று கேட்டால் அவள் வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது. "எங்கக்கா கம்ப்யூட்டர்ல திட்டு பொறுக்குது" என்பான் தம்பி ராஜ்குமார். எங்கள் மேனேஜரால்கூட அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. திருப்பத்தூரில் ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். அமெரிக்காக்காரர்கள் வீடியோக்களுக்கு அடியில் எழுதித் தள்ளும் கருத்துகளைப் படித்து, இது இருக்கலாம், இது போகட்டும் என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். பூங்கோதை எனக்குப் பக்கத்து நாற்காலி. புதூர்நாட்டு மலையிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கி வருவாள், சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு ஓடுவாள். எங்கள் எல்லோரையும்விட வேகமாகப் படிப்பாள். எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு.

அந்த வருடம் எங்களுக்கு வந்ததெல்லாம் அதிபர் தேர்தல். தேர்தல்கூட இல்லை, அதற்கு முந்தின கூத்து. கட்சிக்குள்ளே யாரை நிறுத்துவது என்று அங்கே மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போடுகிறார்கள். அதற்காகக் கோட்டும் டையுமாக மேடையில் வரிசையாக நின்று, ஒருவன் குடும்பத்தை இன்னொருவன் சந்திக்கு இழுத்துக்கொண்டிருந்தான். பார்த்தவர்கள் அதற்கும் மேலே போய் எழுதினார்கள்.

"இவங்கல்லாம் ஒரே கட்சியா?" என்று முதல் நாள் பூங்கோதை கேட்டாள்.

"ஆமா."

"அப்போ நாளைக்கு ஒண்ணா நின்னு ஓட்டு கேக்கணுமில்ல. எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேப்பாங்க?"

அங்கே யாருக்காவது தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்தான்.

கம்பெனி மேலிடம் விதியை மாற்றிக்கொண்டே வந்தது. முதலில் கெட்ட வார்த்தை என்றாலே தூக்கினோம். பிறகு அதெல்லாம் அரசியல் கருத்து, இருக்கட்டும் என்றார்கள். கடைசியாக வந்த விதியை நான் இரண்டு தடவை படித்தேன். ஆள் பெயரும் இடமும் சொல்லாதவரை எதுவும் மிரட்டல் ஆகாதாம். 'இவன் வீடு போய்ச் சேரக் கூடாது' என்று ஒருவன் எழுதியிருந்தான். பெயர் இல்லை, இடம் இல்லை. பூங்கோதை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இருக்கலாம் என்று அழுத்தினாள். அன்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அவள் ஊரில் சண்டைக்கு வேறு முறை. பங்காளிகளுக்குள் தகராறு என்றால் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசக் கூடாது. நடுவில் ஒருவரை உட்கார வைத்து, அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். அவர் அதை அடுத்தவருக்குத் திருப்பிச் சொல்வார். ஆத்திரத்தில் வந்த வார்த்தையை மட்டும் முழுங்கிவிடுவார். இரண்டு பேரும் நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்கள், எல்லாம் காதில் விழும். ஆனாலும் நடுவில் இருப்பவர் முழுங்கிய வார்த்தை சொல்லாத வார்த்தை. அதற்காகக் கோபித்துக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது. பூங்கோதையே அத்தைமார் சண்டையில் அப்படி உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து ஒன்றியக் கவுன்சிலர் தேர்தல் வந்தது. கட்சி சீட்டுக்கு ராஜ்குமார் விருப்ப மனு கொடுத்தான். அதே சீட்டுக்கு அவர்களுடைய பெரியப்பா மகன் அர்ச்சுனனும் கொடுத்தார். மலையில் கட்சிக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் பேச்சு தடிக்கத் தொடங்கியதும், "உன் வேலையே அதானேக்கா, நீ பாத்துக்க" என்று ராஜ்குமார் அவளை அட்மின் ஆக்கினான். அர்ச்சுனனும் சரி என்றார். ஒருவனுக்கு அக்கா, ஒருவருக்குத் தங்கை. நடுவில் உட்கார அவளைவிடப் பொருத்தமான ஆள் யார்?

ஒரு நாள் அர்ச்சுனனைப் பற்றித் தம்பி ஏதோ எழுதினான். பூங்கோதை யாரும் பார்ப்பதற்குள் அதை அழித்தாள். முழுங்கிவிட்டதாகத்தான் அவள் நினைத்தாள். செய்தி இருந்த இடத்தில், அட்மின் நீக்கிவிட்டார் என்ற வரி மட்டும் தம்பி பெயரோடு நின்றது. மலை முழுக்க அந்த வரியைப் பார்த்தது.

அடுத்த வாரம் மதியம் அர்ச்சுனன் எங்கள் அலுவலக மாடியேறி வந்தார். வேட்டியெல்லாம் பஸ் புழுதி. கொடுத்த தண்ணீரை வாங்கவில்லை.

"உன் தம்பி இன்னா போட்டான்?"

"ஒண்ணுமில்லணா. நான் முழுங்கிட்டேன். சொல்லாததா வெச்சிக்கோங்க."

"காதால கேட்டாதான் வுட்டுத் தள்ள முடியும், பூங்கோதை. இத யாரும் கேக்கலியே. செத்துப்போன என் பொண்ணப் பத்தி எய்தினான்னு ஊரே பேசுது."

நடுவில் இருப்பவர் முழுங்கியதைத் திருப்பிச் சொல்லவே கூடாது. அன்று பூங்கோதை சொன்னாள்.

"சாமி சத்தியமா இல்லணா. உங்கள கெழட்டு எருமைன்னு போட்டான். அவ்ளோதான்."

அர்ச்சுனன் வாசல் பக்கம் நகர்ந்தார். "எருமைன்னதுக்கா அழிச்ச? அதுக்கு நானே சிரிச்சிருப்பேனே." படியில் கால் வைத்த பிறகு திரும்பினார். "நீ அவன்கூடப் பொறந்தவ. மறைக்கத்தான் செய்வ."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. கத்தியிருந்தால் பரவாயில்லை, அந்த மனிதர் குரலையே உயர்த்தவில்லை.

திருப்பத்தூரில் கட்சி சீட்டுக்கு நடக்கவிருந்த நேர்காணலுக்கு முதல் நாள் மத்தியானம் பூங்கோதை தன் போனை என் பக்கம் நகர்த்தினாள். குழுவில் அர்ச்சுனனின் மைத்துனர் காசி எழுதியிருந்தார்: 'நாளைக்கு எறங்கறவங்க திரும்பி ஏறணுமில்ல.'

ராஜ்குமார் மறுநாள் தனியாக பைக்கில் மலை இறங்குவதாக இருந்தான்.

"அழிச்சிடு" என்றேன்.

"அழிச்சா இதவிட மோசமா ஒண்ண நெனச்சிக்குவாங்க." அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். "பேரு இல்ல. இடம் இல்ல. பாத்தியா?"

அர்ச்சுனனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு தம்பிக்குப் போட்டாள். அவன் எடுத்தான்.

"நாளைக்குப் போவாதடா. இல்லாட்டி பஸ்ல நாலு பேரோட போ."

"அய்யே, காசி மாமா தமாஷ் பண்ணுதுக்கா. கட்சிக்குள்ள இதெல்லாம் சகஜம். நானே பாத்தேன்" என்று வைத்துவிட்டான்.

போனை மேஜைமேல் வைத்து இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். காசி எழுதியதற்கு அடியில் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. யார் யார் என்று பார்க்க அவள் அதன்மேல் விரலை வைத்தாள். எல்லாருக்கும் மேலே இருந்தது ராஜ்குமார் பெயர்.