நெல்லையப்பன் குடிக்காத கட்டன்சாயா

கரமனையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார் நெல்லையப்பன். தாத்தா காலத்தில் நாகர்கோவில் பக்கமிருந்து மலையாளம் பேசும் இந்த ஊருக்கு வந்த குடும்பம். ஓர் அறக்கட்டளை நடத்தும் கண் ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷமாகக் கண் பரிசோதனை செய்கிறார். பேர் பதியும் மேசை என்னுடையது. விதி என்று ஒன்றை அச்சடித்துக் கொடுத்துவிட்டால் போதும், மனிதர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார். கூட வேலை பார்ப்பவர்களின் எரிச்சல் எனக்குத்தான் தெரியும்.

கோட்டூருக்கு அப்பால், மலையில் காணிக்காரர் என்னும் பழங்குடி மக்கள் வாழும் ஓர் ஊருக்குக் கண் முகாம் போவோம். முதல் தடவை நாற்பது பேர் வந்தார்கள். அடுத்த தடவை பதினொன்று. மூன்றாவது தடவை நாலே பேர். இன்னொரு தடவை இப்படி ஆனால் முகாமையே நிறுத்திவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. முகாம் நடந்தது மாடம்மாளின் வீட்டு முற்றத்தில். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. முற்றத்தைத் தந்தாரே தவிர, ஒருநாள்கூட எங்கள் ஸ்டூலில் வந்து உட்காரவில்லை. முகாம் நின்றால் அவருக்கு இருக்கிற பார்வையும் போய்விடும்.

இந்த நிலைமையில், பழங்குடி மக்களிடம் மரியாதையாகப் பழகுவது எப்படி என்று எங்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். கழக்கூட்டத்தில் ஏசி அறை. பயிற்சியாளர் காலையிலிருந்து திரையில் படம் படமாக ஓட்டினார். கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது, நோயாளிகளிடம் எதையும் வாங்கக் கூடாது, இப்படி. முடிவில் கேள்வித்தாள். நெல்லையப்பனுக்குப் பத்துக்குப் பத்து, கைதட்டல் வேறு. அதுவரை அந்த அறையில் காணிக்காரர் ஒருவர்கூட இல்லை.

நாலு மணிக்கு ஆர்யாவுக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். மாடம்மாளின் மகள், ஊருக்கும் அரசு ஆபீஸ்களுக்கும் நடுவில் ஓடியாடும் எஸ்.டி. பிரமோட்டர்.

"சாரே, பத்து மார்க் வாங்கினது நீங்கதானே?" என்றாள். "எங்க முற்றத்துக்கு மூணு தடவை வந்தீங்க. மூணு தடவையும் அம்மா பால் விடாம கட்டன்சாயா போட்டு நீட்டிச்சு. வேண்டாம்னுட்டு உங்க குப்பி வெள்ளத்தைக் குடிச்சீங்க. ஊர் முழுக்க நோக்கி நின்னது."

"அது விதியாக்கும். ஒண்ணும் வாங்கப்பிடாதுன்னு உண்டு," என்றார் நெல்லையப்பன்.

"கீழே பஞ்சாயத்து மெம்பர் வீட்டுல காப்பி குடிச்சீங்களே. அங்க விதி இல்லையா? என் கையால ஒரு கட்டன் குடிக்காத ஆளுக்கு நான் எதுக்குக் கண்ணைக் காட்டணும்னு அம்மா கேக்குது. நான் என்ன பறயட்டும்?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் நெல்லையப்பன் மெதுவாகச் சொன்னார்: "விதின்னு சொன்னது சும்மா, கேட்டியா விஜயம். கண்ட வீட்டுல வெள்ளம் குடிக்கப்பிடாதுன்னு சின்னதிலயே பழக்கிவிட்டிருக்கு. விதி கிடைச்சதும் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன்."

எங்கள் வீட்டிலும் அதே பழக்கம்தான். அந்த மூன்று தடவையும் நானும்தான் குடிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

நாலாவது முகாம். வண்டியை விட்டு இறங்கியதும் நெல்லையப்பன் நேரே மாடம்மாளின் வாசலுக்குப் போனார். "அம்மா, ஒரு கட்டன் கிடைக்குமா? சீனி வேண்டாம், எனக்கு ஷுகர் உண்டு."

மாடம்மாளின் முகம் தெளிந்தது. "ஷுகரா! அதுக்குத்தான் அன்னைக்கெல்லாம் வேண்டாம்னதா? முன்னமே சொல்லப்பிடாதா சாரே!"

முற்றத்தில் நின்ற பத்துப் பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்; சொன்னால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அதுக்கில்லம்மா," என்றார். "உங்க வீட்டுல குடிக்க எனக்கு மனசு வரல. அது என் தப்பு. மன்னிக்கணும்."

மாடம்மாள் உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். கடைசியில் இரண்டு டம்ளர்களோடு வந்தார், ஒன்று எனக்கு. அடுப்புப் புகை வாசம் அடித்தது, நன்றாக இருந்தது. நெல்லையப்பன் குடித்து முடிக்கும்வரை அவர் அங்கேயே நின்றார். காலி டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தடவித் தடவி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இனி நோக்கு சாரே. வலது கண்ணு கொஞ்சமும் தெரியல."

நோட்டில் முதல் பேராக அவரை எழுதினேன். அன்றைக்கு முப்பத்தாறு பேர் வந்தார்கள். நெல்லையப்பன் ஏழு வீட்டுக் கட்டன் குடித்தார். கரமனை வந்து சேருவதற்குள் வண்டியை மூன்று இடத்தில் நிறுத்தச் சொன்னார்.