நண்டு வயிற்றின் நரம்புகள்

சளிக்கு நல்லது என்று பக்கத்து வீட்டம்மா நேற்று நண்டு ரசம் கொடுத்தனுப்பினார். பூம்புகார்க் கடல் நண்டாம். மிளகு வாசனையில் மூக்கு திறந்ததோ இல்லையோ, தஞ்சாவூர்க் கல்லூரியில் என் பழைய ஆய்வுக்கூடம் திறந்துகொண்டது.

நண்டைத் தின்பதற்காக அல்லாமல் வாங்கிய சிலரில் நானும் ஒருவன். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பின்னிய மூளையின் சுற்றுகளை அறிய நேராக மூளையில் கைவைத்தால் கோடிக்கணக்கான நரம்பணுக்கள், எங்கே தொடங்குவது? நண்டின் இரைப்பையில் உணவை அரைக்க வைக்கும் நரம்புச் சுற்று மிகச் சிறியது, ஏறக்குறைய முப்பது அணுக்கள்தான். வெளியே எடுத்து உப்புநீரில் போட்டாலும், அரைக்க ஒன்றுமில்லாமலே அரைக்கும் தாளத்தைப் போட்டுக்கொண்டிருக்கும். அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

தாராளமயம் வந்து, ஊரில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டுக்கு அலைந்த காலம். என்னிடம் ஆய்வு செய்த வேளாங்கண்ணிப் பெண் ஸ்டெல்லா, ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். அவள் கையாலேயே எடுத்த நரம்பின் மின்துடிப்புப் பதிவு ஒன்று, நல்லதாக, அந்த வாரத்துக்குள் போக வேண்டும். இல்லையென்றால் இடம் இல்லை. கையிலிருந்த நண்டுகள், அறுக்கும்போது நரம்பில் கத்தி பட்டுக் கெட்டுப்போயின. விதிப்படி புதிதாக வாங்க மூன்று விலைப்புள்ளிகள் வேண்டும். அதற்குள் நண்டு கிழடாகிவிடும் என்பதால் சொந்தக் காசோடு சந்தைக்குப் போனோம்.

வயல் நண்டு விற்கும் அஞ்சலை கூடையை மூடினாள். "பௌர்ணமி இப்பத்தான் போச்சு. சதையே இருக்காது சார். எம் பேரு கெட்டுடும்."

"சதை வேணாம்க்கா, வயிறு இருந்தா போதும்," என்றாள் ஸ்டெல்லா.

"வயித்தயா தின்னுவீங்க? படிச்சவங்க வூட்ல அதுவும் உண்டா?"

"இத வெச்சுத்தான்க்கா நான் வெளிநாடு போவணும்."

"எங்கூர்ல நெலத்த வித்துட்டுப் போறானுவ, நீ நண்ட வெச்சுப் போறேங்குற! எடுத்துக்க தாயி."

ஆய்வுக்கூடத்தில் முதல் நண்டு வீண். அடுத்ததில் மின்முனை நரம்பைத் தொட்டதும் ஒலிபெருக்கியில் சடசடவென ஒரு கொத்து, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு கொத்து.

"கரண்ட் போயிடாதே சார்?"

"போனா மனு போட்டுக்கலாம். நீ பதிவு பண்ணு."

பதிவு ஜெர்மனிக்குப் போயிற்று, இடம் கிடைத்தது. துறைத்தலைவர் என்ற முறையில் நான் தடையில்லாச் சான்று கொடுத்தேன். தடை இருக்கிறது என்று எழுத அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. தேடிப் பார்த்தேன்.

அதன்பின் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிக்கப் போனார்கள். ஆய்வுக்கூடத்திலும் கம்ப்யூட்டர்களே வந்து உட்கார்ந்தன. கருவிகள் கழிவு ஏலத்தில் போயின. ஏலக்குழுவில் நானும் உறுப்பினர். ஸ்டெல்லா இன்று ஜெர்மனியில் எலி மூளையின் சுற்றுகளை ஆராயும் பேராசிரியை. அன்று ஒலிபெருக்கியில் கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி எவ்வளவு என்பதில் எனக்கு இப்போது சந்தேகம். சரிபார்த்துக்கொள்ள, என்னோடு சேர்ந்து அதைக் கேட்டவர் இந்த ஊரில் இன்னொருவர் இல்லை.