ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு சீட்டாட்டம்

அறுபதுகளின் தொடக்கம். சிங்கப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் நான் நர்ஸாக இருந்தேன். நான், ஒரு மலாய்ப் பெண், ஒரு சீனப் பெண் என்று நாங்கள் மூவரும் கூட்டாளிகள். சீனத் தோழி தேக்காவில் தமிழர்களுக்கு நடுவில் வளர்ந்தவள். என்னைவிட வேகமாகத் தமிழில், சிங்கப்பூர் வழக்கப்படி நடுநடுவே ஒரு 'லா' சேர்த்து, சண்டை போடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்களில் ஒருத்திக்குத்தான் லீவு. யாருக்கு என்பதை நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று மேட்ரன் சொல்லிவிடுவார். நாங்கள் பேசுவதில்லை. சாயங்காலம் ஹாஸ்டல் அறையில் தீக்குச்சிகளைப் பந்தயமாக வைத்து போக்கர் ஆடுவோம். ஜெயிப்பவளுக்கு லீவு.

அந்த வாரம் எனக்கு லீவு கட்டாயம் வேண்டும். கல்யாணமான கையோடு என் அக்கா அந்த ஞாயிறு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறுகிறாள். ஆனால் தோழிகளிடம் நான் மூச்சுவிடவில்லை. நம் தேவை தெரிந்துவிட்டால் ஆட்டத்தில் நம் பயமும் தெரிந்துவிடும் என்று ஒரு கணக்கு. பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

கடைசி ஆட்டம். சீட்டு மாற்றிய பிறகும் என் கையில் உருப்படியாக ஒன்றும் சேரவில்லை. போதாக்குறைக்கு முதலில் பந்தயம் வைக்க வேண்டியவளும் நானே. பின்னால் வைக்கிறவர்களுக்காவது மற்றவர் செய்வதைப் பார்க்கும் வசதி உண்டு. சரி, யாரையும் பார்க்காமல் எல்லாவற்றையும் வைக்கிறவளிடம் பெரிய சீட்டு இருக்கும் என்றுதானே நினைப்பார்கள்? இருந்த குச்சிகள் அத்தனையையும் நடுவில் தள்ளினேன்.

"ஒண்ணும் அவசரமில்ல, நிதானமா யோசிங்க" என்றேன்.

மலாய்த் தோழி சீட்டைக் கவிழ்த்துவிட்டாள். சீனத் தோழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் குச்சிகளைத் தள்ளினாள். அவளிடம் இருந்தது வெறும் இரண்டு எட்டு. என்னை ஜெயிக்க அதுவே போதுமாக இருந்தது.

"எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன்.

"ஊசி போடுறப்ப பிள்ளைங்ககிட்ட 'வலிக்காதும்மா'ன்னு சொல்லுவேல்ல, அதே குரல் லா. தினம் கேக்குறேன்."

சிரிக்கத்தான் நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. அக்கா விஷயத்தை அப்போதுதான் சொன்னேன்.

அவளுக்கு வந்ததே கோபம். "இதுக்குப் போயி யாராச்சும் சீட்டு ஆடுவாங்களா? வாயத் தொறந்து கேட்டிருந்தா நாங்க குடுத்திருக்க மாட்டோமா? போ, போயி அக்காவ அனுப்பிட்டு வா." மலாய்த் தோழியும் தன் பங்குக்கு மலாயில் திட்டினாள். திட்டிக்கொண்டே கைக்குட்டையை நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில், அக்கா படியேறும் வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த வருடமே பிரசவத்தில் அக்கா போய்விட்டாள். நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

எனக்கு ஒன்று வேண்டும் என்று யாரிடமும் கேட்க இன்றைக்கும் கூச்சம்தான். ஆனாலும் அந்த ஞாயிறு கிடைக்காமல் போயிருந்தால் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்துவிட்டு, கேட்டுவிடுகிறேன்.