முதல் ஓலையும் மஞ்சள் கண்ணும்

போன வாரம் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவோடு, அவள் மகள் ஜெனிஃபருக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போயிருந்தேன். ஆரணியில் இருந்துகொண்டு கடைக்குப் போவார்களா? நேரே தறிக்காரர் வீட்டுக்கே போனோம். சர்ச் கல்யாணம் என்பதால் ஐவரி நிறப் பட்டு.

டியூப்லைட்டில் நிறம் தெரியாதே... வாசல் வெயிலுக்கு வந்து, பெண்ணின் தோளில் போட்டுப் பார்த்தோம். புடவை அம்சமாக இருந்தது. பெண்ணின் கண்தான் சரியில்லை.

“ஸ்டெல்லா, பாப்பா கண்ணு ஏன் மஞ்சளா இருக்கு?”

“பட்டு நிறம் அடிக்குதுக்கா.”

தறிக்காரருக்கு வந்ததே கோபம்! “இன்னாம்மா இப்டி சொல்றீங்க? நான் நெய்ஞ்சது ஐவரி. இதுல மஞ்ச எங்க கீது, காட்டுங்க!”

புடவையை எடுத்துவிட்டுப் பார்த்தோம். கண் அப்படியேதான் இருந்தது. விசாரித்தால், சில நாட்களாகவே காய்ச்சல், குமட்டல், சிறுநீர் கட்டங்காப்பி நிறம்... “கல்யாண டென்ஷன்னு நெனச்சிகினு இருந்தேன் ஆன்ட்டி” என்றாள்.

ஸ்டெல்லா ஆடிப்போய்விட்டாள். சர்ச்சில் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது — அதாவது, கல்யாணத்தைச் சபைக்கே அறிவித்தாகிவிட்டது. “மஞ்சக்காமாலை வந்து ஈரல் கெட்ட பொண்ணுன்னு மாப்ள வீட்ல நிறுத்திடுவாங்கக்கா. படவேட்டாண்ட ஒருத்தர் ஏதோ வேர் அரைச்சுத் தர்றாராம். கமுக்கமா குடுத்துரலாம்.”

வேர் என்னவென்றும் தெரியாது, ஈரலுக்கு என்னவென்றும் தெரியாது. ஏற்கெனவே நொந்து கிடக்கிற ஈரலுக்கு இன்னொரு சுமையா? “முதல்ல ஜல்தி ஆட்டோ கூப்பிடு” என்று ஒரு அதட்டல் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் ரிப்போர்ட்டோடு டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தோம்.

“ஹெபடைட்டிஸ் ஏ. கல்லீரல்ல திடீர்னு வர்ற அழற்சி. மஞ்சள் வெறும் அடையாளம்தான். காரணம் வைரஸா இருக்கலாம், மாத்திரையா இருக்கலாம், குடியா இருக்கலாம். அதுக்குத்தான் டெஸ்ட். இவளுக்கு வந்தது வைரஸ், அசுத்தமான தண்ணி, சாப்பாட்டால வர்றது.”

“ஆயுசுக்கும் இருக்குமா டாக்டர்?” என்று கேட்டாள் ஸ்டெல்லா.

“இது தங்காதும்மா. பெரும்பாலும் தானா ஆறிடும். ஓய்வு வேணும். காய்ச்சின தண்ணி, சோப்பு போட்டுக் கை கழுவறது முக்கியம். என்னைக் கேக்காம ஒரு மாத்திரை, ஒரு கஷாயம் கூடாது. வாந்தி நிக்கலன்னாலோ, ரத்தம் கசிஞ்சாலோ, பேச்சு குழம்பினாலோ, எழுப்பினாலும் மயங்கி மயங்கித் தூங்கினாலோ — உடனே ஓடி வரணும்.”

ஸ்டெல்லா அங்கேயே அழுதுவிட்டாள். நிம்மதியில் வந்த அழுகை.

“ஒரு மாசம் முன்னாடி வெளிய எங்கயாவது சாப்பிட்டியா?” என்று பெண்ணைக் கேட்டார் டாக்டரம்மா.

ஜெனிஃபர் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் மின்விசிறியைப் பார்த்தாள். “ஞாபகம் இல்ல டாக்டர்.”

வெளியே வந்தால், கடைசி பெஞ்சில் கறுப்புக் கண்ணாடியோடு ஒரு பையன். ஆஸ்பத்திரிக்குள் கூலிங் கிளாஸா? உற்றுப் பார்த்தேன்... மாப்பிள்ளை டேனியல்! பக்கத்தில், சந்தவாசலில் இருந்து வந்திருந்த அவன் அம்மா.

“சும்மா... சுகர் டெஸ்டுக்கு வந்தோம்” என்றாள் ஸ்டெல்லா.

“நாங்களும் சும்மாதான்...” என்றார் அந்த அம்மா.

ஜெனிஃபர் நேரே போய்க் கண்ணாடியைக் கழற்றினாள். டேனியலுக்கும் மஞ்சள் கண்! “அந்த பஸ் ஸ்டாண்டு பானிபூரி தண்ணி வேணாம்னு அன்னிக்கே சொன்னேன் இல்ல?”

“ரெண்டாவது ப்ளேட் கேட்டது யாரு?”

அம்மாக்கள் இருவருக்கும் ஈரல், வைரஸ் எல்லாம் மறந்துபோயிற்று. “எங்களுக்குத் தெரியாம பஸ் ஸ்டாண்டாண்ட சுத்திகினு இருந்தீங்களா?”

திட்டி முடித்த பிறகுதான் டேனியலின் அம்மா மெதுவாகச் சொன்னார்: “தெரிஞ்சா நீங்க பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு பயந்துகினே இருந்தோம் சம்பந்தி.” ஸ்டெல்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வியாதியை மறைப்பதற்கு நாம் படுகிற பாட்டில் பாதி பட்டால் போதும், வைத்தியமே முடிந்துவிடும்!

கல்யாணம் தள்ளித்தான் போகிறது, நிற்கவில்லை. இருவரும் தேறி வருகிறார்கள்.

இவர்கள் ஜாதகம் பார்ப்பதில்லை... ஆனால் லேப் ரிப்போர்ட்டில் பொருத்தம் பிரமாதம்!