கிரைண்டர் மோட்டாரில் ஒரு கடைசல் மிஷின்

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் பம்ப் மெக்கானிக்காக இருந்தவர். கல்யாணமான நாளிலிருந்து லீவில் வருவதும் போவதுமாகவே இருந்தவர், போன தடவை வந்தபோது, "இனிமே போகல" என்றார். சந்தோஷப்படத்தான் ஆசை. ஆனால் இதே வார்த்தையை முன்பும் கேட்டு ஏமாந்தவள் நான். வெள்ளிக்கிழமைதோறும் அங்கிருந்து கம்பெனி மேனேஜர் ஃபோன் செய்து திரும்பி வரச் சொல்லுவார். நான் அடுப்படியிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

சும்மா உட்காரத் தெரியாத மனுஷன். தென்னூரில் எங்கள் வீடு சின்னது. வந்த கையோடு எல்லாக் குழாயையும் ரிப்பேர் செய்து முடித்தார், ஒழுகாத குழாய் உட்பட. பிறகு என் பழைய கிரைண்டர்மேல் கண் விழுந்தது. மரம் கடைகிற மிஷின் செய்யப்போகிறாராம். பூரிக்கட்டை, மத்து, கட்டில் கால் எல்லாம் கடைந்து விற்கலாமாம்.

"மாவுதான் கடையில வாங்குறோமே, மோட்டார் சும்மாதானே கெடக்கு?" என்றார். நான் கடை மாவு வாங்குவதையெல்லாம் கவனித்து வைத்திருக்கிறார் பாருங்கள். கொடுத்துவிட்டேன். ஊரிலேயே இருப்பார் என்றால் மிக்ஸியையும் சேர்த்துக் கொடுத்திருப்பேன்.

பழைய இரும்புக் கடையிலிருந்து சட்டத்துக்கு ஆங்கிளும், சுழல்வதற்குப் பேரிங்கும் வந்தன. தேய்ந்த அரத்தைத் தீட்டி உளியாக்கினார். நான் வேலை பார்ப்பது ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்கூல் ஆபீஸில். அங்கே காற்றில் முறிந்து விழுந்த மாங்கிளையில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். "அக்கா, லேடீஸுக்குத்தான் ஃப்ரீ. கட்டைக்கு டிக்கெட் எடுக்கணும்" என்று கண்டக்டர் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் மாறி வீடு சேர்வதற்குள் புடவையெல்லாம் மரப்பால் கறை.

கொல்லையில் மிஷினை நிறுத்தி, கட்டையை மாட்டி, ஸ்விட்சைப் போட்டார். கோணல் கட்டை சுற்றியதும் மிஷின் தத்தக்கா பித்தக்கா என்று நடக்க ஆரம்பித்தது. துணி துவைக்கிற கல்வரை போய், பிளக் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் நின்றது. விழுந்து விழுந்து சிரித்தேன். கிட்டே போய்ப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. நாலு காலும் மடக்குகிற கால். எல்லா மூட்டிலும் கையாலேயே திருகிக் கழற்றுகிற நட்டு.

"எதுக்குங்க இப்படி?"

"கழட்டிக் கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம். எடத்த அடைக்காதுல்ல."

வளைகுடாவில் ஒரே அறையில் பல பேரோடு காலம் தள்ளியவர். கட்டிலுக்கு அடியில் போகாத எதையும் அவர் வைத்துக்கொண்டதே இல்லை. அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்க இங்கதான் இருக்கப்போறீங்கன்னா, அது யாருக்கு எடத்த அடைக்குது?" என்றேன். அவர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

சில நாள் மணல் மூட்டையைக் கட்டிப் பார்த்தார். மிஷின் மூட்டையையும் இழுத்துக்கொண்டு நடந்தது. செங்கல்லை அடுக்கிப் பார்த்தார், சரிந்தது. அது ஓரிடத்தில் நிற்க என்ன வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பினால் கொல்லையில் நாலு குழி. ஜும்மா தொழுகை முடிந்து வந்து தோண்டியிருக்கிறார். மடக்குக் கால்களை அறுத்துப் போட்டுவிட்டு, வெல்டிங் பட்டறையில் நீளக் கால்கள் வைத்து வாங்கிவந்திருந்தார். அவற்றைக் குழிக்குள் இறக்கி, கலவை கொட்டிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. முழங்கைவரை சிமெண்டு.

"நீயே எடு" என்றார்.

மேனேஜர்தான். ஃபிளைட் டிக்கெட் போடட்டுமா என்று கேட்டார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன்.

கரண்டியைக் கீழே வைக்காமலேயே, "வரலைன்னு சொல்லிடு" என்றார்.

சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லச் சொல்றாருங்க."

"யோசிக்கறதுக்குள்ள இறுகிடும்" என்று சொல்லிக் கலவையை மட்டம் தட்டினார்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக நாலு காலடியிலும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் காட்டாவிட்டால் சிமெண்டு வெடித்துவிடும் என்பார்கள். வெடிக்க விடுவேனா?